இடுக்கியும் இரும்புச் சட்டியும்

கிளெனிஸ் தன் புருஷனைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தனியாக இருக்கும்போது சொல்லியிருந்தாலாவது நெவில் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே குடும்பம் நடத்துகிறான்! பக்கத்து வீட்டு மெர்வ் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்கும்போதா சொல்வது?

"நெவில் சுட்ட மாட்டுக்கறி ஸ்டேக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க மெர்வ். உங்க லாரிக்கு பிரேக் கட்டையா ஆகும்."

மெர்வ் சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியது.

நெவிலுக்கு ரத்தம் கொதித்தது. அவன் மாட்டுக்கறிக்குப் பேர்போன ராக்ஹாம்ப்டன்காரன். ஊருக்குள் நுழைந்தாலே சிலையாக நிற்பது காளை மாடு. இந்த ஊரில் ஒரு ஆம்பளையைத் திருடன் என்று சொல்லலாம், பொய்யன் என்று சொல்லலாம். ஸ்டேக் சுடத் தெரியாதவன் என்று சொன்னால் அவன் எப்படித் தலைகாட்டுவது? ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து பார்பிக்யூ என்றைக்குமே அவன் ராஜ்யம். கறி வாங்குவது, வெட்டுவது, ஊறவைப்பது, சாலட் கலக்குவது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது, கடைசியில் தட்டு கழுவுவது, இதெல்லாம் கிளெனிஸ். சமைப்பது நெவில்.

"நீ வாரம் பூரா சட்டியில வறுக்கிறியே, அதெல்லாம் ஒரு ஸ்டேக்கா?" என்று எகிறினான். "நெருப்பு வேணும், புகை வேணும், கையில இடுக்கி வேணும். இல்லன்னா அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு!"

"சரி, வர்ற ஞாயித்துக்கெழமை பாத்துடுவோம். நீ வெளியில சுடு. நான் உள்ள சட்டியில போடறேன். மெர்வ் தின்னு பாத்துச் சொல்லட்டும்."

"தோத்தா?"

"நீயே சொல்லு."

நெவில் யோசிக்கவே இல்லை. "தோத்தவங்க இனிமே இந்த வீட்டுல எந்தக் கறியையும் தொடக்கூடாது!"

"எந்தக் கறியையுமா?"

"ஆமா! மாடு, ஆடு, கோழி, சாசேஜ், ஒண்ணு விடாம!"

"மெர்வ், கேட்டுக்கிட்டீங்களா?"

"நல்லாக் கேட்டுச்சு," என்றான் மெர்வ். "சாப்பிடறது நான்தானே? எனக்குச் சம்மதம்."

ஞாயிறு வந்தது. நெவில் இடுக்கியை எடுத்து டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டினான். கறியைப் போட்டான். புரட்டினான். பொறுக்கவில்லை, மறுபடியும் புரட்டினான். கரண்டியால் அழுத்தினான். மேலே தாராளமாக பீரை ஊற்றினான். அது அவன் அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ரகசியம். அவருடைய ஸ்டேக்கையும் யாராலும் மெல்ல முடிந்ததில்லை என்பது ஏனோ அவன் நினைவுக்கு வரவில்லை. வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்தபோது கறி சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது.

கிளெனிஸ் நீலத் தட்டோடு வெளியே வந்தாள். இரண்டு தட்டையும் மேசையில் வைத்து மூடினாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே ஓய்வா இருக்கட்டும்."

"செத்த மாட்டுக்கு எதுக்குடி ஓய்வு?"

"அப்பதான் சாறு உள்ளயே தங்கும். மெர்வ் வர்றதுக்குள்ள தொட்டுக்கக் கடுகுச் சாஸ் எடுத்துட்டு வந்துடறேன். அதோ பாரு, குக்கபரா உக்காந்திருக்கு. போன வாரம் சாசேஜைக் கவ்விக்கிட்டுப் போச்சே, அதேதான். காவல் இரு."

துணிக்கொடியில் அந்தத் திருட்டுப் பறவை தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. நெவிலும் தட்டுகளைப் பார்த்தான். நீலத் தட்டின் மூடியை லேசாகத் தூக்கினான். ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி வாயில் போட்டான்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். மேலே மொறுமொறுவென்று, உள்ளே ரோஜா நிறத்தில், வெண்ணெய் மணக்க, பல்லுக்கு வேலையே வைக்காமல் இருந்தது. என்ன அநியாயம்! கரண்ட் அடுப்பில், புகை கூட இல்லாமல், ஒரு ஸ்டேக் இப்படி வரலாமா? சந்தேகம் தீர இன்னொரு துணுக்கு வெட்டினான். தீரவில்லை. இன்னொன்று.

பிறகு இடுக்கியை எடுத்தான். அவளுடையது வெள்ளைத் தட்டுக்குப் போனது. வெட்டிய ஓரத்தை அடியில் மறைத்தான். அவனுடையது நீலத் தட்டுக்கு வந்தது. குக்கபரா எல்லாவற்றையும் பார்த்தது. அது சொல்லப் போவதில்லை.

கிளெனிஸ் கடுகோடு வந்தாள். மெர்வும் வந்தான். எந்தத் தட்டு யாருடையது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளைத் தட்டில் ஒரு வாய் தின்றுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். நீலத் தட்டில் ஒரு வாய் தின்றான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"என்னடா சொல்ற?" என்றான் நெவில்.

"பொறுடா, இன்னும் முடியல." ஒருவழியாக விழுங்கினான். "வெள்ளைத் தட்டு! இதுல பேச்சே இல்ல."

"என்னோடது!" நெவில் குதித்தான். "சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா!"

கிளெனிஸ் அமைதியாக ஏப்ரனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள்.

"ஒத்துக்கறேன். நான் தோத்துட்டேன். இனிமே எந்தக் கறியையும் தொடமாட்டேன். நாளைக்குக் கோழி இருக்கு, நீதான் சுத்தம் பண்ணணும். செவ்வாக்கெழமை ஆட்டுத் தொடை. மத்தியானமே அடுப்புல வச்சுடு, இல்லன்னா ராத்திரிக்கு வேகாது."

நெவிலின் குதிப்பு பாதியில் நின்றது. "வாரத்துல மத்த நாளெல்லாம் நீதானே சமைப்ப?"

"தொடக்கூடாதே, செல்லம். மெர்வ் சாட்சி."

"ஆமாண்டா. எந்தக் கறியையும்னு நீதான் கத்தின."

"அப்ப நான் கறியே இல்லாம சாப்பிட்டுக்கறேன்!"

"நீயா?" என்றாள் கிளெனிஸ். மெர்வ் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான்.

உண்மையைச் சொல்லிவிட நெவில் வாயைத் திறந்தான். மெர்வைப் பார்த்தான். மெர்வ் நேராக இங்கிருந்து கிளப்புக்குத்தான் போவான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டான்.

கிளெனிஸ் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவனுடைய பீரை எடுத்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"அடுத்த தடவை சட்டுனு மாத்து, நெவில். கடுகைக் கையில வச்சுக்கிட்டு நான் எவ்வளவு நேரந்தான் ஜன்னல்கிட்ட நிக்கறது?"