மேற்கு இல்லாத நாடு

நான்கெல்லை நாடு என்று ஒரு தேசம் இருந்தது. அங்கே ஒரு வயல் யாருடையது என்பதற்கு மனிதர்கள் சாட்சி இல்லை, ஓலைச்சாலை என்ற கட்டடங்களில் அடுக்கி வைத்த ஓலைகள்தான் சாட்சி. வயலின் வடபக்க நீளம் வடக்கு ஓலைச்சாலையில் இருக்கும். தென்பக்கம் தெற்கில்; கிழக்கும் மேற்கும் அப்படியே. தலைநகரின் நடுவே ஐந்தாவதாக ஒரு சாலை. அங்கே நான்கையும் கூட்டிய தொகை மட்டும். எந்தச் சாலை அழிந்தாலும், தொகையிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் காணாமல் போன பக்கம் கிடைத்துவிடும். நாட்டின் எல்லையையும் இப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

நடுச்சாலையைக் காத்தவர் தீர்த்தகிரி. மேற்கே ஆற்றோரம் ஒரு வயல், அதுதான் அவர் சொத்து. இருபது வருடத்தில் அவருடைய ஓலைகள் ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை. தேவைப்படாத வரைக்கும் காவல் வெட்டிவேலையாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, பாகப்பிரிவினை நடக்கும்போதெல்லாம் தொகையையும் திருத்த வேண்டும். அதற்காக ஜனங்கள் இன்னொரு நாள் காத்துக் கிடந்தார்கள்.

புதிதாக வந்த அமைச்சர் வில்லவராயருக்குக் காத்திருப்பது பிடிக்காது. அண்டை நாட்டு முறைகளையும் ஒப்பிட்டு எழுத வரையறைச் சபை ஒன்றை அமைத்தார். கிழக்கு நாட்டில் எதையும் இரண்டு பிரதி எழுதினார்கள். பாதுகாப்புதான், ஆனால் சாலைகள் இரட்டிப்பு வேண்டும். தெற்கு நாட்டில் நான்காகப் பங்கிட்டு எழுதுவதோடு சரி. தொகையும் இல்லை, பிரதியும் இல்லை, வேலை மட்டும் மின்னல் வேகம். யார் மனமும் நோகக்கூடாதென்று சபை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தது. பிரதி எடுப்பது முதல் தரப் பாதுகாப்பு. தொகை வைப்பது ஐந்தாம் தரப் பாதுகாப்பு. வெறுமனே பங்கிடுவது பூஜ்ஜியத் தரப் பாதுகாப்பு.

“நாம் பூஜ்ஜியத் தரத்துக்கு உயர்கிறோம்,” என்றார் அமைச்சர்.

“ஐயா, பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லைன்னுதானுங்களே அர்த்தம்?” என்றார் தீர்த்தகிரி. “ஒரு சாலை போனா எல்லா வயலும் போயிடுமுங்க.”

“பாதுகாப்பு என்ற சொல் புத்தகத்தில் இருக்கிறதா, இல்லையா?”

“இருக்குதுங்க.”

“பிறகென்ன? நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.” அதை முரசறைந்தும் சொன்னார்கள்.

நடுச்சாலை அமைச்சரின் விருந்து மண்டபமாயிற்று. தொகை ஓலைகள் அடுப்புக்குப் போயின. இருபது வருட உழைப்புக்கு மரியாதையாக, நினைவுக்கு ஓர் ஓலை மட்டும் எடுத்துக்கொள்ளத் தீர்த்தகிரியை அனுமதித்தார்கள்.

ஐப்பசியில் ஆற்றின் கரை உடைந்தது. மேற்குச் சாலை ஓலைகளோடு போயிற்று. ஆற்றோரத்து வரப்புகளும் எல்லைக் கற்களும் போயின. ஆறே தடம் மாறி ஓடியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவையே ஆற்றில் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? அமைச்சர் ஆணையிட்டார்: “மேற்கு இல்லாத நிலம் நிலமாகாது. உரியவர் இல்லை; முதலில் கால் வைப்பவர் எடுத்துக்கொள்ளலாம்.” முதலில் கால் வைத்தவர்கள் எல்லாரும் அமைச்சரின் உறவினர்கள்.

தீர்த்தகிரி தன்னுடைய ஓலையோடு போனார். அதிகாரி முன்னால் கழித்துக் காட்டினார். மேற்குப் பக்கம், நூற்றுப் பதினெட்டு முழம். கணக்கு சரிதான் என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

“ஆனால் நடுச்சாலை சட்டப்படி இல்லை. ஆகவே இது வெறும் ஓலை.”

வயல் போயிற்று. தீர்த்தகிரிக்கு அழுகை வரவில்லை. ஓலையைக் கொண்டுபோய் வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்.

பத்தாம் நாள் மேற்கு நாட்டுத் தூதன் அரண்மனைக்கு வந்தான். கையில் அதே ஆணையின் பிரதி இருந்தது. “உங்கள் நாட்டுக்கும் மேற்கு எல்லை இல்லை என்று கேள்விப்பட்டோம். கால் வைக்க வருகிறோம்,” என்றான்.

வில்லவராயர் செருப்புக்கூட மாட்டாமல் தீர்த்தகிரியின் வீட்டுக்கு ஓடி வந்தார். “அந்த ஓர் ஓலை, நாட்டு எல்லையின் தொகைதானே? இருபது வருடம் உப்பைத் தின்றவர் அதைத்தானே எடுத்திருப்பீர்?”

தீர்த்தகிரி அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதன்பின் கூரையில் செருகியிருந்த ஓலையை எடுத்து நீட்டினார்.

“என் வயலோடதுங்க. நாட்டை நீங்க பாத்துக்கறதா முரசறைஞ்சிருந்தாங்களே.”

வரையறைச் சபை அவசரமாகக் கூடியது. வாக்கெடுப்பு ஒருமனதாக முடிந்தது. இனி நாட்டுக்குத் திசைகள் மூன்று.

அன்று மாலை, சூரியன் மறைந்த பக்கத்திலிருந்து குதிரைப் புழுதி எழும்பியது. கோட்டைக் காவலன் அபாய முரசின் கோலை எடுத்தான். எந்தத் திசை என்று அறிவிப்பதெனப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே நின்றான்.