பிணத்துக்கு வந்த போன்

லண்டனில் மனிதர்களை அழவைக்கவென்றே பிறந்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கண்ணீர் அண்ணைதான். ஊரில் ஆங்கில வாத்தியார். இங்கே இல்ஃபோர்ட் தேவாலய மண்டபத்தில் வருடா வருடம் நாடகம் போடுவார். இடைவேளைக்குள் பாதிப் பாத்திரங்களைக் கொன்றுவிடுவார். மிச்சப் பேர் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து சாவார்கள். ஆனால் சனம் அழாது.

"இந்த முறையும் ஒருத்தரும் அழேல்லையெண்டால், நான் இனி எழுத மாட்டன்" என்று இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒருமுறை சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொன்னால் செய்கிற மனிதர்.

அந்த முறை அரசனாக நடித்தவன் ராசன். அரசி, அவன் சொந்த மனைவி மேரி. ராசனுக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. முதலாளி கூப்பிட்டு எடுக்காவிட்டால் ஷிப்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் போனைப் பட்டுவேட்டி இடுப்பில் செருகிக்கொண்டுதான் போருக்குப் போனான்.

அரசன் விழுந்தான். மேரி ஒப்பாரி வைத்தாள். முன்வரிசை அன்ரி ஒருவர் கைக்குட்டையை எடுத்தே விட்டார். எனக்குப் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்துப் பிணத்தின் இடுப்பு கிணுகிணுத்தது. பிணம் படுத்தபடியே போனைக் காதில் வைத்து, "ஓம், வாறன்" என்றது.

மேரி மாரடிப்பதை நிறுத்தவில்லை. "இஞ்சாருங்கோ, வரேக்க பால் வாங்கியாங்கோ" என்றாள்.

மண்டபமே அதிர்ந்தது. பாதிரியார் நாற்காலியோடு சரிந்தார். அவருடைய விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எடுப்பவர். வசனத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். எழுதியவரை உடனே பார்க்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினார்.

அண்ணை அவரை நிமிர்ந்து பார்க்கவே வெட்கப்பட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "தம்பி, அது நான் எழுதேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். "அழுகையை எழுதியது அவர்தானே? அது இல்லாமல் யார் இப்படிச் சிரித்திருப்பார்கள்?" என்றார் அந்த அம்மா.

அண்ணை ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் அரசனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தொடரே எழுதித் தள்ளிவிட்டார்.

அந்த அம்மா எடுத்த அது தொலைக்காட்சியில் வந்த அன்று எல்லோரும் அண்ணை வீட்டில் கூடினோம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. கடைசியில் திரையில் அண்ணையின் பெயர் வந்தது. மேரி முந்தானையை எடுத்தாள். ராசன் மூக்கை உறிஞ்சினான். எனக்கும் தாங்கவில்லை.

அண்ணை திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன, எல்லாரும் அழுறியள்? இது பகிடி நாடகமெல்லோ?"

நாடகத்துக்கா அழுதோம், அண்ணை?