மாப்பிள்ளைக்குச் சுழி பார்த்த விவரம்

விருத்தாசலம்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

திட்டக்குடியில் சகல சௌபாக்கியங்களுடனும், என் மேல் சகல கோபத்துடனும் வாழ்ந்துவரும் பெரிய மச்சான் குருமூர்த்தி அவர்களுக்கு, விருத்தாசலம் ராஜமாணிக்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை அம்சவல்லியும் உடம்பளவில் சுகம். அங்கு அக்கா, பிள்ளைகள், வெலிங்டன் ஏரித் தண்ணீர் எல்லாம் சுகம்தானே? போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறதே தவிர பதில் வருவதில்லை. ஆகையால் இதைக் கொரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும், தப்பிக்க முடியாது.

நீங்கள் கொண்டுவந்த சேத்தியாத்தோப்பு சம்பந்தம் முறிந்ததற்கு நான்தான் காரணம் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். நடந்தது இன்னதென்று தெரிந்துகொண்டு அப்புறம் சொல்லுங்கள். காரணம் உங்கள் தங்கை. அவளுக்கும் காரணம் உங்கள் குடும்பத்துக் காது, அது பாதிதான் கேட்கும், மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். போன வாரம் நம் பெண் வேல்விழி லீவில் வந்திருந்தாள் அல்லவா, மாடியில் நின்றுகொண்டு அவள் சிநேகிதி மீராவோடு போனில் பேசியிருக்கிறாள். துணி காயப்போடப் போன அம்சவல்லி கொடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறாள். கேட்டதைப் படி இறங்கி வந்து மூச்சு வாங்க என்னிடம் ஒப்பித்தாள். "ரெட்டைச் சுழிதான்டி, சந்தேகமே இல்ல. நிலவனும் ஒத்துக்கிட்டான். ஒண்ணு விசாகப்பட்டினத்துப் பக்கம் இருக்குது. சில்லுனு இருக்குது, சாப்பாடெல்லாம் அதுதான் போடுது. நம்ம பக்கம் இருக்கறது ஒரே சூடு. ரெண்டும் ஒண்ணா சேரவும் சேராது, விட்டுப் பிரியவும் பிரியாது."

இதைக் கேட்டால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பதறினேன், ஒத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை நிலவனுக்குத் தலையில் இரட்டைச் சுழி, இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி, ஒருத்தி ஏற்கெனவே விசாகப்பட்டினத்தில் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், குணமும் சாந்தம், நம் பக்கத்துப் பெண்தான் சூடு. கடைசிச் சங்கதி உண்மை என்பதால் மற்றதெல்லாமும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "பொண்ணுகிட்டயே கேட்டுடலாம்"னு சொன்னேன். "அது மனசைக் கல்லாக்கிட்டுச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதுங்க, கேட்டா உடைஞ்சிடும். முதல்ல தலையைப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள் உங்கள் தங்கை. பட்டறையில் சூளைக்குத் தீ மூட்ட வேண்டிய நாள், மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையெல்லாம் காய்ந்து தயாராக இருந்தது. அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டு, நம் பட்டறையில் செய்த பீங்கான் பிள்ளையார் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினோம். விக்கினம் தீர்க்கிற பிள்ளையாரையே விக்கினத்துக்குக் கூட்டிக்கொண்டு போன பெருமை எனக்குத்தான்.

போன நேரத்தில் மாப்பிள்ளைப் பையன் அப்பாவுக்கு ஒத்தாசையாக நாற்றங்காலில் இருந்துவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். கடலில் ஆராய்ச்சி செய்கிறவன் சேற்றிலும் இறங்குகிறானே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் துண்டு அவிழ்ந்தால்தானே வந்த காரியம் ஆகும்? வெயில் என்றேன், காற்று வரட்டும் என்றேன், அவிழ்க்கவில்லை. கடைசியில் "ஆசீர்வாதம் வாங்கிக்கங்க தம்பி"னு நானே சொன்னேன். கேட்காமல் ஆசீர்வாதம் கொடுக்கிற ஆளை அந்தப் பையன் பார்த்ததில்லை போலிருக்கிறது, திகைத்துப்போய்க் குனிந்தான். துண்டை உருவினேன். எறும்பு ஊர்வதாகச் சொல்லி இரண்டு கையாலும் முடியை வகுந்தேன். அம்சவல்லி செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். "எத்தினிங்க?" என்றாள் காதருகில். "ஒண்ணு தெரியுது. பின்னாடி இருட்டா இருக்குது. தம்பி, கொஞ்சம் அப்படியே திரும்புங்க." அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா பானுமதியம்மா காபித் தட்டோடு உள்ளிருந்து வந்துவிட்டார்கள்.

"என்னங்க இது, எம் புள்ளைக்குப் பேன் பாக்குறீங்களா?" என்று கேட்டார்கள். நான் பேசாமல் ஆமாம் என்றிருக்கலாம். உங்கள் தங்கை இருக்கிறாளே, பொய் சொல்லத் தெரியாத நல்ல பிறவி, "இல்லீங்க, சுழி பாக்குறோம்" என்றுவிட்டாள். பையனின் அப்பா பழமலைநாதன் அதிகம் பேசுகிற ஆளில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், நிஜம். வாசலில் கட்டியிருந்த உழவு மாட்டை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "சுழி பாத்து மாடுதாங்க வாங்குவாங்க. அடுத்து பல்லைப் புடிச்சிப் பாப்பீங்களா?" என்றார். அம்சவல்லி போனில் கேட்டது அத்தனையையும், விசாகப்பட்டினத்துச் சமையல் உட்பட, அங்கேயே கொட்டினாள். நிலவன் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தது பெற்றவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. காபித் தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. மச்சான், சம்பந்தி வீட்டுக் காபி உள்ளே திரும்பிப் போவதைப் பார்க்கிற கதி என் எதிரிக்கும் வேண்டாம். பிள்ளையாரை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அவர்கள் உங்களுக்குப் போன் போட்டு, நீங்கள் இங்கே போன் போட்டு, வேல்விழிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

அவள் எங்களிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பட்டறைக்கு வாங்க"ன்னு மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள். அங்கே அச்சுக் கழுவுகிற பெரிய தொட்டி இருக்கிறதே, அதன் முன்னால் எங்களை நிறுத்தினாள். ஒரு பலகையைத் தண்ணீரில் பாதி முக்கிக் கொஞ்ச தூரம் இழுத்துச் சட்டென்று தூக்கினாள். தண்ணீரில் இரண்டு சுழி விழுந்தது. ஒன்று இடமாகச் சுற்ற, ஒன்று வலமாகச் சுற்ற, இரண்டும் கைகோத்ததுபோல அந்தக் கோடி வரைக்கும் போயின. அடியில் படிந்திருந்த வெள்ளை மண் கிளம்பி மேலே வந்தது. "இதாம்மா ரெட்டைச் சுழி" என்றாள். "வங்காள விரிகுடால இதே மாதிரி, ஒவ்வொண்ணும் நம்ம ஜில்லாவை விடப் பெருசு. குளிர்ந்த சுழி அடியில கிடக்கற சத்தை மேல கொண்டாருது. அதைத் தின்னு கண்ணுக்குத் தெரியாத பாசி வளருது, பாசியைத் தின்னுதான் மீன் பொழைக்குது. அதுதான் சாப்பாடு போடறது. இந்தப் பக்கத்துச் சுழி சூடு. அது மேல புயல் வந்து நின்னா அதுக்குத் தீனி கெடச்ச மாதிரி, பலத்துக்கும். தண்ணி எப்படி ஓடுதுன்னு நான் பாக்கறேன். அதுல பாசி எப்படி வளருதுன்னு நிலவன் பாக்கறாரு." கட்டைகளுக்குப் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாள் எழுந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்து, "அப்ப மாப்பிள்ளைக்கு இல்லியாம்மா?" என்றாள். அதாவது பட்டறை முழுக்கச் சேதி பரவியிருக்கிறது.

எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் ஆச்சரியம். மழை பிடித்தால் வார்த்த கட்டை காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும், அதற்காக வருஷா வருஷம் ஐப்பசியில் வானத்தைப் பார்த்துத் திட்டுகிறவன் நான். கடலைக் கேட்டால் வானத்தின் சேதி கொஞ்சம் தெரியும் என்கிறாள். கேட்க வேண்டிய ஆளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் டிவியில் மேகப் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள், "மாப்பிள்ளை தலையைப் பாக்க பஸ் ஏறிப் போனீங்கப்பா. நான் என்னத்தைப் பாக்கறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? எனக்குக் கல்யாணமே வேணாம். கப்பல் கிளம்புது, நான் போறேன்." மச்சான், அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பெண் கப்பலில் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று ஜங்ஷன் டீக்கடை வரைக்கும் பெருமை பேசியிருக்கிறேன். என்ன ஆராய்ச்சி என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே மச்சான் அவர்கள் கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தக் கடிதம் கண்டவுடன் சேத்தியாத்தோப்பு போய், நான் சொல்கிறபடி பேச வேண்டும். பையனுக்குச் சுழி ஒன்றேதான், நானே வகுந்து பார்த்தேன், லட்சணமான சுழி என்று சொல்லுங்கள். மாடு என்று நாங்கள் மனதாலும் நினைக்கவில்லை என்று சொல்லுங்கள். பெண்ணின் தகப்பன் கொஞ்சம் கிறுக்கு, ஆனால் பெண் தங்கம் என்று சொல்லுங்கள், கிறுக்கு என்பதை அழுத்திச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. நிலவனைப்போல ஒரு பையன், என் பெண் பேசுகிற கடல் பாஷை புரிந்த பையன், நாளைக்குத் தேடினால் கிடைக்கமாட்டான். வேல்விழி கப்பல் ஏறுவதற்குள் இது நேராக வேண்டும். உங்களை விட்டால் எங்களுக்கு ஆளில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், கேட்டால் மட்டும். பழமலைநாதர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என் போனை எடுக்கிற நல்ல மனதையும் கொடுக்கட்டும். சாமியைச் சொன்னேன், சம்பந்தியை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ராஜமாணிக்கம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினது பானுமதியம்மா, பழமலைநாதன், பின்னால் நிலவன். வந்ததும் வராததுமாக அந்த அம்மா, "நீங்க பாத்தீங்கல்ல, இப்ப நாங்க பாக்குறோம்"னு சொல்லி வேல்விழியை உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தார்கள். பார்த்தார்கள். "இங்க வந்து பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு சுழி, ஒன்று இடம், ஒன்று வலம், தொட்டியில் பார்த்த அதே தினுசு. அம்சவல்லி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் பிறந்த அன்றே அவளுக்குத் தெரியுமாம், மச்சான்! அதனால்தான் குழந்தையிலிருந்து முடியைத் தூக்கி வாரித் தூக்கி வாரிப் பின்னியிருக்கிறாள், அந்தப் பயம்தான் காதில் விழுந்ததை எல்லாம் தலைச் சுழியாகக் கேட்டிருக்கிறது.

"அப்ப எம் புள்ளைக்கப்புறம் இன்னொரு கல்யாணமா இதுக்கு?" என்று பானுமதியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். நிலவன் கனைத்தான். "இல்லம்மா. இப்பப் பண்ணப்போறதுதான் ரெண்டாவது" என்றான். முதலாவது தை மாதமே ரிஜிஸ்டர் ஆபீசில் ஆகிவிட்டதாம், அதற்கும் மாப்பிள்ளை இவனேதானாம். வெளிநாட்டுக் கப்பலில் இரண்டு பேரும் சேர்ந்து போகக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்களாம். நீங்கள் அலைந்து கொண்டுவந்த வரன் என்று மீசையை முறுக்கினீர்களே, அதை உங்கள் காதில் படும்படி செய்ததே உங்கள் மருமகள்தானாம். பெற்றவனிடம் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு நிமிஷம் கோபம் வந்தது. பெற்றவன் எதைத்தான் கேட்டான் என்று உடனே தோன்றி, வந்த கோபம் போய்விட்டது. முதலில் சிரித்தது பழமலைநாதன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். சேத்தியாத்தோப்பு போக வேண்டாம், அவர்கள் இங்கே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேரே கிளம்பி வந்து தேதி குறியுங்கள். அடுக்களையிலிருந்து உங்கள் தங்கை இதையும் எழுதச் சொல்கிறாள்: "அண்ணன்கிட்டச் சொல்லுங்க, நான் அப்பவே சொன்னேன், சுழி பொய் சொல்லாது."