எண்பத்திரண்டாம் நிமிடத்து ஆபீசர்

நிர்வாகக் கலையை விளக்க உலகில் ஆயிரம் நூல்கள் உண்டு. அவற்றையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் ராட்சத மிருகப் படங்களைப் பார்த்தால் போதும். என் இருபத்தாறு ஆண்டு அரசுப் பணியின் சாரம் இதுதான்.

தியேட்டருக்கு வரும் பெரிய படங்களைச் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கென்றே சிக்கனமாக எடுத்து, 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்று ஒன்பதாவது தடவை போடுவார்களே, அவை. 'ஏழு வால் சுறா', 'பறக்கும் விலாங்கு', 'மீண்டும் பறக்கும் விலாங்கு'. கண்ணாடி போட்டிருந்தால் விஞ்ஞானி. ஏழு வாலில் மூன்றுதான் அசையும். வெள்ளைக்காரர்கள் "ஐயகோ, ஓடுங்கள்!" என்று தமிழில் அலறுவார்கள்.

அலுவலகத்தில் இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கேட்டால், "பொருளாதார விவாதம் பார்த்தேன்" என்பேன். மனைவி செல்வராணிக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரிப்பவள் அவள்தானே. கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எங்களுக்குள் சண்டையே வராத இரண்டு மணி நேரம் அது.

இந்தப் படங்களில் தவறாமல் ஓர் ஆபீசர் வருவார். கோட்டு, தொப்பை. பத்தாவது நிமிடத்தில் ஒருத்தி ஓடி வந்து, "கடலுக்குள் ஏதோ இருக்கிறது!" என்பாள். அவர் புன்னகையோடு கேட்பார்: "ஆதாரம் உண்டா? நாளைக்கு விழா இருக்கிறதே?" என்ன நிதானம்! எண்பத்திரண்டாம் நிமிடத்தில் மிருகம் அவரைக் கோட்டோடு விழுங்கும். அப்போது செல்வராணி கை தட்டுவாள்.

"ஏங்க, எப்பப் பாத்தாலும் ஆபீசரையே திங்குதே, ஏன்?"

"மத்தவங்கல்லாம் ஓடிருதாங்க. ஆபீசர் ஒருத்தர்தான் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாரு. அதுக்குப் பேரு கடமை உணர்ச்சி."

நான் பணிபுரிவது தூத்துக்குடி 'கரையோரப் புகார் தீர்வக'த்தில். இங்கே இரண்டே பிரிவுகள். கடலில் உயிருள்ளவை பற்றிய புகார் என்றால் சிவனணைந்தபெருமாளாகிய நான். உயிரற்றவை என்றால் எதிர் மேசை ஞானையா. இவ்வளவு தெளிவான அலுவலகம் வேறெங்கும் இல்லை.

அந்தத் தெளிவைக் கலைக்க ஆலந்தலையிலிருந்து பிளாரன்ஸ் வந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் ஹென்றி வள்ளத்தில் மீன்பிடிக்கிறவன். மனுவில் இப்படி எழுதியிருந்தாள்: "கடலுக்குள் ஒன்று கிடந்து வலையைக் கடிக்கிறது. அதற்கு இரும்புப் பல். பதினோரு வலை போய்விட்டது. வள்ளத்தைக் கடிக்கும் முன்னால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு மிதவை போட்டுத் தரவும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தாவது நிமிடம்!

"கடிக்கிறதா? எத்தனை வால்?"

"வாலா? சார், அது சரக்கு ஏத்துற பார்ஜு, முங்கிப்போய்க் கிடக்கு. எவனோ பழைய இரும்ப அங்கன விட்டுட்டுப் போயிட்டான். தண்ணி வத்தமா இருந்தா ஒரு முழத்துக்குள்ளதான் கிடக்கு. கருக்கல்ல போறவனுக்குக் கண்ணு தெரியுமா?"

"இரும்பு என்றால் ஞானையா சார்."

ஞானையா மனுவைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "கடிக்குன்னுல்லா எழுதிருக்கு. கடிச்சா உயிர் இருக்கு. அண்ணாச்சி, இது உங்க சாமான்."

"பல் இரும்பு என்று இருக்கிறதே, ஞானையா."

"பல்லு இரும்பா இருந்தா உடம்பும் இரும்பா இருக்கணுமா? எங்க மாமாவுக்குத் தங்கப் பல்லு."

அசைக்க முடியாத வாதம். எனவே 'உயிர் நிர்ணயக் குழு' அமைத்தோம். மூன்று கூட்டம், ஆறு தட்டு மிக்சர். அந்தப் பொருள் தானாக அசைகிறதா என்று பதினைந்து நாள் கவனித்து, மனுதாரரே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தைக் கேட்க வந்த பிளாரன்ஸ் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "அது அசைஞ்சா நாங்க ஏன் சார் மனு குடுக்கோம்? அதுவே நகந்து போயிரும்லா!"

போகிறபோது வாசலில் நின்றாள். அங்கே புத்தம் புதிய சிவப்பு மிதவை ஒன்று, ஆள் உயரத்துக்கு, சாமந்தி மாலையோடு நின்றுகொண்டிருந்தது.

"அந்தா நிக்குல்லா சார்! அதக் கொண்டு போட்டாப் போதுமே! நாங்களே வள்ளத்துல கட்டி இழுத்துட்டுப் போறோம்."

"அம்மா, அது கடல் பாதுகாப்பு வார விழாவுக்கான 'விழிப்புணர்வு மிதவை'. பக்கத்தில் நின்று எல்லாரும் செல்பி எடுக்கிறார்கள். அதைத் தண்ணீரில் போட்டால் துருப்பிடிக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. படத்தில்தான்.

பாதுகாப்பு வாரத்தின் நிறைவு நாளன்று விடியற்காலையில் ஹென்றியின் வள்ளம் அந்த இரும்பில் ஏறி இரண்டாகப் பிளந்தது. முழங்கால் உடைந்த ஹென்றி, ஒரு டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் மிதந்தான். பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பார்த்து, அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. செய்தி எட்டியபோது நான் மேடையில் 'கடலும் கவனமும்' என்ற தலைப்பில் உரையாற்றிக்கொண்டிருந்தேன். உரையை நிறுத்தவில்லை. நிதானம்!

மறுநாள் பிளாரன்ஸ் வந்தாள். கையில் மனு இல்லை. உடைந்த வள்ளத்தின் மூக்குத்துண்டை என் மேசையில் வைத்தாள். ஞானையா ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார். "இது வெட்டா, கடியா?" என்று முனகினார்.

"இனி அவுக கடலுக்குப் போறதுக்கு ஒரு வருஷம் ஆகும்னு டாக்டரு சொல்லுதாரு," என்றாள் பிளாரன்ஸ். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன் சார். அங்கன கிடக்கது வலையத்தான் திங்கு. இங்கன இருக்கது மனுவத் திங்கு. அங்கன கிடக்கதுக்கு உயிரு இல்ல. இங்கன எப்படின்னு நீங்களே ஒரு குழு போட்டுப் பாருங்க."

அதையும் குறிப்பில் பதிவு செய்தோம். 'மனுதாரர் தாமே பொருளுக்கு உயிரில்லை என ஒப்புக்கொண்டதால்' கோப்பு முறைப்படி ஞானையாவுக்குப் போனது. புகாரைத் தீர்த்த வேகத்துக்காக எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை 'ஏழு வால் சுறா'. எண்பத்திரண்டாம் நிமிடம். ஆபீசர் கோட்டோடு உள்ளே போனார். செல்வராணி கை தட்டவில்லை. மக்ரூன் பொட்டலமும் பிரிக்காமலே கிடந்தது.

"ஆலந்தலையில கால் ஒடிஞ்சு கிடக்காரே, அவரு பொண்டாட்டிதான உங்க ஆபீசுக்கு வந்தது?"

"ஆமா."

திரையைக் கை காட்டினாள். "ஏங்க, இந்த ஆபீசரோட பொண்டாட்டிய ஒரு படத்துலயும் காட்ட மாட்டேங்காங்களே, ஏன்?"

"பட்ஜெட் கம்மி."

"அதில்ல. காட்டினா, அவளும் சேந்து கை தட்டுறது தெரிஞ்சிரும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். மீதிப் படத்தைத் தனியாகப் பார்த்தேன்.

இந்தப் படங்களில் நம்பும்படி எதுவும் இல்லை என்று படித்தவர்கள் குறை சொல்கிறார்கள். தவறு. ஏழு வாலை நம்பலாம். பறக்கும் விலாங்கை நம்பலாம். நம்ப முடியாத காட்சி ஒன்றே ஒன்றுதான்: அந்த எண்பத்திரண்டாம் நிமிடம். இருபத்தாறு ஆண்டுகளாக நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என்னை இன்னும் எதுவும் தின்னவில்லை.