பட்டியலில் இல்லாத ஜேம்ஸ்

“உங்க முப்பாட்டனார் நிஜமாவே பிறந்தாரா, அம்மா?”

நூலகத்துப் பெண் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தபடி, மிகுந்த மரியாதையோடுதான் கேட்டாள். எஃபி கோர்லேவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பிறக்காமலா நான் இங்க வந்து நிக்கிறேன்? நல்லா தேடும்மா. ஜேம்ஸ் கோர்லே. நம்ம கில்டாரி தேவாலயத்துலதான் ஞானஸ்நானம்.”

“ஞானஸ்நானப் பட்டியல்ல அந்தப் பேரே இல்ல. அவரோட பிள்ளைங்க இருக்காங்க. அவர் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் ஆண்டு விழா. ஊரிலேயே பழைய குடும்பம் எது என்று பட்டியல் சொல்கிறதோ, அந்தக் குடும்பத்தார்தான் மணி அடிக்க வேண்டும் என்று சபையில் முடிவாகியிருந்தது. எஃபியின் அப்பா அந்த மணியை அடித்தே கிழவரானவர். சிறுமி எஃபி கயிற்றை எட்டித் தொடும்போதெல்லாம், “பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கையைத் தட்டிவிடுவார். இப்போது எஃபிக்கே நரைத்துவிட்டது. கயிறு மட்டும் கைக்கு வரவில்லை.

ரொட்டிக் கடை வரிசையில் நெட்டா லம்ஸ்டன் நின்றிருந்தாள். பட்டியலின் முதல் பக்கத்திலேயே லம்ஸ்டன் குடும்பம் வந்துவிடும்; ஜேம்ஸ் கிடைத்தால்தான் கோர்லே குடும்பம் அதை முந்த முடியும்.

“என்னடி எஃபி, கிடைச்சாரா உன் ஜேம்ஸ்?”

“அந்த வருஷத்து ஏடு தீயில போயிடுச்சாம்” என்றாள் எஃபி. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். வாங்க வந்த ரொட்டியை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

அவள் அடுப்பில் கெண்டியை வைப்பதற்குள் போதகர் ரென்னி தொலைபேசியில் வந்துவிட்டார்.

“தீயா? எந்தத் தீ? நம்ம கோயில்ல எலி புகுந்திருக்கு, மழைத் தண்ணி புகுந்திருக்கு. தீ புகுந்ததா யாருமே சொல்லலையே! காப்பீட்டுக்காரங்களுக்கு நான் என்னன்னு எழுதுறது?”

“எழுதிடாதீங்க ஐயா! தீ இல்ல. எங்க ஆளுங்க அப்போ சண்டை போட்டுக்கிட்டுப் பிரிவினைச் சபைக்குப் போயிருப்பாங்க. அந்தச் சபையோட ஏடு இந்தப் பட்டியல்ல சேராதே.”

போதகருக்கு நிம்மதி. அந்தக் காலத்தில் போதகரோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறாத குடும்பம் ஸ்காட்லாந்தில் எங்கே இருக்கிறது?

ஆனால் மறுநாள் நெட்டா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். “கோவிச்சுக்கிட்டு வெளிய போன குடும்பத்துக்கு, உள்ள தொங்குற மணி எதுக்குடி?”

எஃபி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அசல் ஏட்டைப் பார்த்துவிடலாம் என்றால் அது எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கேயும் ஏட்டின் படத்தைத்தான் காட்டுவார்கள். அதற்கும் நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விழாவுக்கு முன்னால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

அப்போதுதான் அவளுக்கு டுல்லோக் டீச்சர் ஞாபகம் வந்தது. அசல் ஏட்டைப் படித்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, கையால் அந்தப் பட்டியலை எழுதியவரே அவர்தான். கணினியில் இருப்பதெல்லாம் அவர் எழுதியதுதான்.

சனிக்கிழமை, விழா ஏற்பாட்டுக்காக எல்லோரும் தேவாலயக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். போதகர் இருந்தார், நெட்டாவும் இருந்தாள். நாலு பேர் முன்னால் தவறு நேராகட்டும் என்று எஃபி குரலை உயர்த்தியே கேட்டாள்.

“டீச்சர், எங்க ஜேம்ஸ் பேரை எழுத மறந்துட்டீங்க.”

டீச்சர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். “மறக்கல கண்ணு. தெரிஞ்சேதான் விட்டேன்.”

“ஏன்?”

“அவனோட அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகல. அவங்கப்பனை மூணு ஞாயிறு சபை முன்னாடி மனந்திரும்புற முக்காலியில உக்கார வெச்சிருக்காங்க. நான் வாய் தவறி உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். மறுநாளே பழக் கேக்கோட வந்து நின்னா. ‘இது ஊருக்குத் தெரிய வேண்டாம் டீச்சர்’னு அழுதா. நல்ல கேக். விஸ்கிகூட ஊத்தியிருந்தா.”

எல்லோரும் எஃபியைத் திரும்பிப் பார்த்தார்கள். எஃபிக்குக் காது சுட்டது. தன் வாயாலேயே கயிற்றை அறுத்துக்கொண்டோமே என்று நினைத்தாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். “அப்படின்னா... அசல் ஏட்டுல ஜேம்ஸ் இருக்காரா?”

“இருக்கானே, கொட்டை எழுத்துல. இந்த ஊர்ல பாதிப் பேரோட ஆளுங்க இப்படித்தான் விட்டுப்போனாங்க. கேக் தின்னு தின்னு, அந்தக் குளிர்காலத்துல என் பாவாடையெல்லாம் பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு.”

நெட்டா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. “முக்காலிக் குடும்பம்டி எஃபி! நல்ல வேளை, எங்க வீட்டுல விடச் சொல்ற மாதிரி யாரும் இல்ல. முதல் பக்கத்துலயே இருக்கோம்.”

டீச்சர் இன்னொரு பிஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தார்.

“உங்கம்மாவும் கேக் கொண்டு வந்தாளே, நெட்டா. விடறதுக்கு இல்ல. சேர்க்கறதுக்கு.”

நெட்டா கோப்பையை மேசையில் வைத்தாள். கையுறைகளை எடுத்தாள். ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கக்கூடக் குனியாமல் வெளியே போனாள்.