யாருக்கு எவ்வளவு கண்

பாலமுனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி முடியாது. நீங்களும் என் தங்கச்சி நுஸ்ஹாவும் மகள் ஆகிலாவும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

பேத்தி பிறந்த நாற்பதாம் நாள் விசேஷம் நடந்த அன்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, வடிவான பிள்ளை என்றேன். கண் படாமலிருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த வாரம் உங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல், உங்களுக்கும்தான். உங்களை வடிவு என்று சொன்னது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்குக் கண் இருக்கிறதென்று முடிவாயிற்று. அன்றிலிருந்து நான் வரும்போதெல்லாம் பிள்ளை தூங்குகிறது. காலை பத்துக்கும் தூங்குகிறது, பின்னேரம் நாலுக்கும் தூங்குகிறது, உள்ளே அது சிரிக்கிற சத்தம் கேட்கும்போதும் தூங்குகிறது. இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு இந்த மரியாதை.

போன மாதம் நிந்தவூர் மண்டபத்துக்கு ஓர் ஆய்வுக்குழு வந்தது உங்களுக்குத் தெரியும். கண் இழையத்தின் மீள்தன்மையை லேசரால் அளக்கும் புதுக் கருவியைச் சோதிக்க ஆட்கள் தேவை என்றுதான் நோட்டீசில் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோக்காரன் அதைச் சுருக்கி, யாருக்கு எவ்வளவு கண் என்று மெஷின் சொல்லும் என்று ஊரெல்லாம் கூவிவிட்டான். சனம் வந்தது பாருங்கள். மாமிமார் மருமகள்மாரையும், மருமகள்மார் மாமிமாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு நானும் நின்றேன். என் கண்ணில் குற்றமில்லை என்று ஒரு கடதாசி வாங்கி உங்கள் கையில் தரலாம் என்ற ஆசை.

கண்ணில் மெல்லிய காற்று ஒன்று அடித்தது. கண்ணின் முன்படலம் எவ்வளவு நடுங்கி எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்கு வருகிறது என்பதை லேசர் அளந்தது. கஜேந்தினி என்ற கல்முனைப் பிள்ளை மூன்று தரம் அளந்தாள். மெஷினில் பிழையோ என்று பக்கத்திலிருந்தவரை அளந்து பார்த்துவிட்டு மறுபடியும் என்னை அளந்தாள். "சேர், உங்கட கண் சரியான மென்மை. லேசாத் தொட்டாலே உள்ளுக்குப் போகுது. கட்டாயம் டொக்டருக்குக் காட்டுங்க" என்றாள். மென்மை என்பதை மட்டும் கெஞ்சி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் உங்கள் அடுத்த வீட்டுப் பாத்தும்மா நின்றாள். பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப செரிதான் மாஸ்டர். மெதுவான கண்தான் டக்கெண்டு படும். கல்லுக் கண்ணெண்டா ஆருக்கும் படாது" என்றாள். நான் பஸ் ஏறுமுன் செய்தி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

டொக்டரிடம் காட்டினேன். படலம் மெலிந்து கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளுகிறதாம். வேறொருவருடைய படலம் வைக்கவேண்டி வரும், அதற்கு முறை வரும்வரை முகங்கள் கலங்கிக்கொண்டே போகும் என்றார். இப்போதே பள்ளிவாசலில் சலாம் சொல்பவரைக் குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறேன். ஆகிலாவின் மகள் எனக்கு இன்னும் நாற்பது நாள் முகத்தோடுதான் இருக்கிறாள். கண் தெரிகிற நாளிலேயே ஒரு தரம் அவளைக் காட்டுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. கடப்படியில் நிற்கிறேன், உள்ளே வரமாட்டேன்.

உங்கள் வயலிலும் வீட்டிலும் பறக்கத் உண்டாகட்டும். தங்கச்சிக்கு என் சலாம்.

பி.கு.: மேலே நியாயம் எழுதியதெல்லாம் எழுதியபடி இருக்கட்டும். அன்று நான் சந்தோஷமாகப் பார்க்கவில்லை, மச்சான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்ததைக் கண்டதும், இது ஏன் இவர்களுக்கு மட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே போய்விட்டது, ஆனால் வந்தது. அதற்குப் பெயர் என்னவென்று நான் படிப்பித்த பாடத்தில் இல்லை. அதை எழுதின கையால் என் பெயரை எழுத மனம் வரவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.