இன்ஸ்பெக்டர் கடந்த தொங்குபாலம்

ரயிலை விட்டு இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் முதல் சிக்கல்.

"எந்தப் பக்கம்ப்பா வெளிய போகணும்?" என்று மகள் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். இந்த ஊருக்கு அவர் வருவது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் கம்பெனி ஆள் பிளாட்பாரத்துக்கே வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓட, இவர் பெட்டியின் பின்னாலேயே ஓடியதோடு சரி. பெட்டியைப் பார்த்தாரே தவிர வழியைப் பார்க்கவில்லை.

"இப்படி" என்று இடதுபக்கம் கையைக் காட்டினார், சந்தேகமே இல்லாத குரலில்.

மூன்று பேரும் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தார்கள். அங்கே பார்சல் ஆபீஸ் இருந்தது. அதற்கப்புறம் ஒரு சுவர் இருந்தது. சுவரில் வாசல் எதுவும் இல்லை.

"கூட்டம் இல்லாத பக்கமா கூட்டிட்டு வந்தீங்களாக்கும்" என்றாள் மனைவி.

"அதேதான்" என்றார் இன்ஸ்பெக்டர். மனைவி எடுத்துக் கொடுத்த சாக்கை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆள் கையை நசுக்காமல் திறக்கிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருஷத்தில் இருபத்தாறு ஊர்களுக்குப் போயிருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் உயரமான கட்டடத்தின் உச்சிக்கே ஏறியிருக்கிறார். ஆனால் உச்சியில் இருப்பது மோட்டார் அறை, மோட்டார் அறைக்கு ஜன்னல் கிடையாது. அப்புறம் அடியில் குழிக்குள் இறங்குவார். அங்கே தேங்கிய தண்ணீரும், யாரோ தவறவிட்ட சாவியும், அதிர்ஷ்டம் இல்லாத நாளில் ஒரு செத்த எலியும் இருக்கும். வேலை முடிந்ததும் லாட்ஜ், விடிந்ததும் ரயில். ஊர் என்பது அவருக்கு மோட்டார் அறை, குழி, லாட்ஜ் என்ற இந்த மூன்றுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரிலிருந்து திரும்பிப் போனபோது மனைவி ஆசையாக, "அங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். எலியைப் பார்த்தேன் என்று எந்தப் புருஷன் சொல்வான்? லாட்ஜ் அறையில் கட்டிலுக்கு நேரே ஓர் அருவிப் படம் மாட்டியிருந்தது. அருவிக்குக் குறுக்கே ஒரு தொங்குபாலம்.

"அருவிக்குப் போனேன். தொங்குபாலத்துல அந்தக் கரைக்கு நடந்தே போயிட்டேன்" என்றார்.

"பாலம் ஆடுமா?"

"ஆடாம? தொட்டில்தான்."

"பயமா இல்லையா?"

"எனக்கு என்ன பயம்? மொத்தம் நூத்தி நாப்பது பலகை. எண்ணிக்கிட்டே நடந்தேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இன்ஸ்பெக்டரின் புளுகு ஏழு வருஷம் நின்றது. அதனால் அவர் தன்னைக் கெட்டிக்காரனுக்கும் ஒரு படி மேல் என்று எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. ஊருக்கு ஊர் கதை வளர்ந்தது. மகள் எழுதப் படிக்கக் கற்றதும் அதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டு, 'அப்பா பார்த்த ஊர்கள்' என்று தலைப்பிட்டு, எண் கொடுத்து எழுத ஆரம்பித்தாள்.

மனைவி கணக்கு டீச்சர். வருஷத்துக்கு இரண்டு தடவை விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வெளியூர் போவாள். கடந்த மூன்று வருஷமாக முகாம் இந்த ஊரில்தான். திரும்பி வரும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

"ஊரா? குனிஞ்ச தலை நிமிரலை. அந்த ஹாலும் ரூமும்தான் கண்டேன்" என்பாள்.

இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகிவிடும். வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து அவள் கழுத்தில் வைத்துவிட்டு, பாத்திரத்தையும் தானே கழுவிவிட்டு, ஆறுதலாக இன்னொரு கதை சொல்வார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். போன தடவை அப்படி வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"பாவம், மூணு வருஷமா போற, ஒண்ணும் பாக்கலை. அடுத்த தடவை அங்க எனக்கு வேலை வந்தா உன்னைக் கூட்டிட்டுப் போய் நானே ஒவ்வொண்ணா காட்டுறேன்" என்றார்.

வேலை வந்துவிட்டது. எட்டு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட். மகளுக்கும் பள்ளி விடுமுறை.

முதல் நாள் பொழுது வேலையில் போயிற்று. இரண்டாவது லிஃப்டைச் சோதித்துக்கொண்டே கட்டடக் காவலாளியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"நான் பொறந்ததே இங்கதான் சார். இந்த லிஃப்ட் ஓடுதா நிக்குதான்னு பாக்கவே நேரம் சரியா இருக்கு."

இன்ஸ்பெக்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அதனால் வழி தெரியப்போவதில்லை.

மாலையில், வழக்கமாகத் தங்கும் அதே லாட்ஜின் வரவேற்புப் பெண்ணிடம் போனார். மனைவியும் மகளும் மாடியில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "அறையில மாட்டியிருக்கீங்களே, அந்த அருவிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார்.

"அதைப் படம் வித்த கடையிலதான் சார் கேக்கணும். மொத்தமா நாப்பது படம் வாங்கினாங்க. எல்லா ரூம்லயும் அதேதான்."

"அப்ப இந்த ஊர்ல அருவி?"

"இருக்கு சார். பஸ்ல முக்கால் மணி நேரம். கீழ ஏரி, படகெல்லாம் விடுறாங்க."

"தொங்குபாலம்?"

"அது எங்கயும் இல்லை சார்."

அன்றிரவு இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தார். முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைக்கலாம். இல்லாத பாலத்தை எதில் போட்டு மறைப்பது? விடிவதற்குள் வழி கிடைத்துவிட்டது. பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவ்வளவுதான், சனியன் ஒழிந்தது.

காலையில் கிளம்பும்போது மனைவி பழைய கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். கையில் குடை வேறு.

"வானம் வெளுத்துக் கிடக்கு, குடை எதுக்கு?" என்றார்.

"சும்மா, ஒரு துணைக்கு" என்றாள்.

இவர் புதுத் தோல் செருப்பு போட்டுக்கொண்டார். தலையில் கம்பெனியின் மஞ்சள் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. அவை இரண்டும் இல்லாமல் அவர் வெளியே இறங்குவதில்லை. இருந்தால் வாட்ச்மேன்கள் வழி விடுகிறார்கள்.

அருவி உண்மையிலேயே அழகாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அசந்துபோய் வாயைத் திறந்தார். முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி வாயைத் திறக்கக்கூடாது என்று நினைவு வந்து உடனே மூடிக்கொண்டார்.

மகள் நோட்டைத் திறந்தாள். "தொங்குபாலம் எங்கப்பா?"

இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சை முதலில் விட்டார். "அதோ, அந்தப் பாறைக்கும் இந்தப் பாறைக்கும் நடுவுல இருந்துச்சும்மா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பெரிய வெள்ளம். அப்படியே அள்ளிட்டுப் போயிடுச்சு."

மகள் பக்கத்தைப் புரட்டினாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பாலத்துல நின்னு சூரியன் மறையறதைப் பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. ஊர் எண் ஒன்பது, இரண்டாம் முறை."

"அது ரெண்டாவது பாலம்."

"ரெண்டு பாலம் இருந்துச்சா?" என்றது பின்னால் ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மனைவியோடு நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். இவருடைய தொப்பியையும் அட்டையையும் ஒரு முறை பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. முதல்ல மரம். அப்புறம் இரும்பு" என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பக்கத்தில் மகள் பேனாவோடு நின்றாள்.

"அது எவ்வளவு பாரம் தாங்கும்?" என்றார் பெரியவர்.

இந்தக் கேள்விக்கு மட்டும் இன்ஸ்பெக்டருக்கு உண்மையிலேயே பதில் தெரியும். கம்பிவடம், பாதுகாப்பு விகிதம், ஒரு சதுர அடிக்கு எத்தனை ஆள் என்று கடகடவென்று கொட்டினார். லிஃப்டுக்கு உள்ள கணக்கு அத்தனையும் பாலத்துக்குப் போயிற்று. பேசி முடித்தபோது எதிரே ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளத்துல உயிர்ச்சேதம் ஏதாவது?" என்று ஓர் அம்மா கவலையோடு கேட்டார்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லை. ஒரு ஆடு மட்டும்."

"அய்யோ பாவம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டருக்கே அந்த ஆட்டின்மேல் இரக்கம் வந்துவிட்டது.

பெரியவர் பாறையில் துருப்பிடித்துத் துருத்திக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கம்பியைக் கண்டுபிடித்தார். "இது அந்தப் பாலத்தோடதா?"

"அதுல ஒரு பாகம்."

பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, பாலம் இல்லாத இடத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அருவிப் பக்கம் திரும்பி நின்றாள். ஆட்டுக்காக அழுகிறாள் போலும், எவ்வளவு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டார்.

"அருவிக்குப் பின்னாடி குகை இருக்கு, அதுல உக்காந்து சாப்பிட்டேன்னு இருக்குப்பா" என்றாள் மகள்.

இதற்கு வெள்ளம் உதவாது. குகையை எந்த வெள்ளமும் அடித்துக்கொண்டு போகாது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நீந்தத்தான் வேண்டும். இன்ஸ்பெக்டர் வலதுபக்கப் பாதையில் நடந்தார். ஒன்பது பேர் பின்னால் வந்தார்கள். ஒரு வளைவில் மனைவி எதுவும் சொல்லாமல் குடையை விரித்து மகளையும் இழுத்து உள்ளே விட்டுக்கொண்டாள். அடுத்த அடியில் அருவிச் சாரல் மொத்தமாக வந்து இன்ஸ்பெக்டரின் முகத்தில் அடித்தது. தோல் செருப்பு வழுக்கிற்று. அட்டை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கமாக உட்கார்ந்த இடத்திலிருந்து, "இங்க எல்லாரும் பாத்து வாங்க" என்றார். அவரைப் பின்பற்றி வந்தவர்கள் நன்றி சொல்லிக்கொண்டே பார்த்து வந்தார்கள்.

பாதையின் முடிவில் குகை இல்லை. கழிப்பறையின் பின்சுவரும், ஒரு தண்ணீர் மோட்டார் ஷெட்டும் இருந்தன. மோட்டார் அறையைத் தேடி வந்துசேரும் கால்களை என்ன செய்வது?

ஒன்பது பேரும் மரியாதையாக மோட்டார் ஷெட்டைப் பார்த்தார்கள்.

"இது என்னங்கய்யா?" என்றார் பெரியவர்.

"குகை இதுக்கு உள்ளதான் இருக்கு. பாதுகாப்புக்காக மூடி வெச்சிருக்காங்க."

"அப்ப இடதுபக்கமா போகலாமா?" என்றாள் மனைவி. "அங்க படி இருக்கிற மாதிரி தோணுது. அறுபது படி இறங்கினா ஏரி வரும்போல."

தோன்றியபடியே படி இருந்தது, ஏரியும் வந்தது. கணக்கு டீச்சரின் உத்தேசம்கூடக் கச்சிதமாக இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

படகுத்துறையில் காத்திருந்தபோது மகள் அந்த ஒன்பது பேருக்கும் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா இருபத்தாறு ஊரு பாத்திருக்காரு. எல்லாத்தையும் என்கிட்ட சொல்லுவாரு. நான் பெரியவளானதும் இந்த ஒவ்வொரு ஊருக்கும் போவேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார். இந்தக் குழந்தை இருபத்தாறு ஊருக்கும் போய், இருபத்தாறு மோட்டார் ஷெட்டுக்கு முன்னால் நோட்டோடு நிற்கப்போகிறாள். இத்தனை பெரிய அருவியைக் கண்ணால் பார்த்த முதல் நாளில்கூட அதைப் பார்க்க விடாமல் தன் வாய் தன்னை இழுத்தடித்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம். முதலில் மனைவியிடம். அவள் ஒன்றும் பார்க்காதவள், கழுத்து வலியோடு வந்து தன் கதையைக் கேட்டே ஆறுதல் அடைந்தவள். அவள்தான் மன்னிக்க வேண்டும்.

அவளைத் தனியாக ஓரமாக அழைத்தார்.

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் சொல்லுற ஊர்க்கதை இருக்குல்ல."

"ஆமா."

"அந்தப் பாலம். அது வந்து..."

"வெள்ளத்துல போச்சுன்னீங்களே."

"அதான், அந்த வெள்ளமும்..."

"அப்புறமா சாவகாசமா சொல்லுங்க. படகு வந்திடுச்சு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கை கொடுக்காமலே ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்து, நேராக இடதுபக்க முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஈரச் செருப்போடு துறையிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார். படகுக்காரர் இவருடைய மஞ்சள் தொப்பியையும், கழுத்து அட்டையையும், பின்னால் வரிசையில் நின்ற ஒன்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"வாங்க டீச்சர், வழக்கமான எடத்துலயே உக்காந்துட்டீங்களா? இந்தத் தடவை கைடெல்லாம் எதுக்கு டீச்சர், தொங்குபாலத்துக் கதை சொல்லுற உங்க வீட்டுக்காரரைத்தானே கூட்டிட்டு வரேன்னீங்க?"